பெரியவரை எழுப்பினது யாரு?

…அங்க இல்ல கொத்தனாரே, அங்க இல்ல! அந்த டேப்பை இழுத்துக்கிட்டே போனீங்கன்னா நேரா அடுப்பு வாய்க்குள்ளதான் போய் நிப்பீங்க. ஆங்… பாத்தீங்களா? சொன்னேன்ல? இந்தக் கடைக்கு நடுன்னா அது அடுப்புதான். எங்கப்பா முதல்ல அடுப்பைக் கட்டிட்டு, அப்புறம்தான் அதைச் சுத்திக் கடையைக் கட்டினாரு. இப்ப அடுப்பு வாயில சுவரு எழுப்பினா என்ன ஆகும்? பாதி ரொட்டி இந்தப் பக்கம் வேகும், பாதி ரொட்டி அந்தப் பக்கம் வேகும். ஒரு விதத்துல நல்லதுதான், வெட்டுற வேலை மிச்சம்!

சிரிக்கிறீங்க. நான் பதினேழு நாளா தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீங்க சிரிக்கிறீங்க. சரி சிரிங்க, நல்லா சிரிங்க. இந்தக் கடைக்குள்ள ஒரு மனுஷன் சிரிச்சே பதினேழு நாளாச்சு. இந்தாங்க, சூடா ஒரு பன். புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க, சுடும். டேப்பு எங்கயும் ஓடிப் போயிடாது, கீழ வைங்க. அந்த நீலப்பொடி நூலையும் வைங்க. கோடு போட்டாச்சுல்ல? போட்ட கோடு அங்கயேதான கிடக்கப் போகுது? வாய் நிறையப் பன்னை வெச்சுக்கிட்டு பேச வராதீங்க, அப்புறம் பொறையேறும்.

ஆமா, உங்களை வரச் சொன்னது யாரு? எங்கண்ணனா, எங்க வீட்டுக்காரரா? …ரெண்டு பேருமா? தனித்தனியா வந்தாங்களா? அதான பாத்தேன்! காலைல ஒருத்தரு வந்து 'நடுவுல சுவரு வெக்கணும்'னு சொல்லியிருப்பாரு, மத்தியானம் இன்னொருத்தரு வந்து அதையே சொல்லியிருப்பாரு. உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். சேர்ந்து வர மாட்டாங்க கொத்தனாரே, அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. சுவரு வேணும்ங்கிறதுல மட்டும் அப்படி ஒரு ஒத்துமை!

சண்டை எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா? கேக்க மாட்டீங்க. நீங்க பேசாத ஆளு, பாத்தாலே தெரியுது. பரவாயில்லை, நானே சொல்றேன். சொத்துத் தகராறுன்னு நினைப்பீங்க. கிடையாது. பொம்பளைத் தகராறுன்னு நினைப்பீங்க. அந்த ரெண்டு மூஞ்சிக்குமா? இந்த உலகம் எப்படி வந்துச்சுன்னு தகராறு. …ஆமா கொத்தனாரே, உலகம்தான். தரை, வானம், சூரியன், நீங்க, நான், உங்க கரணை, எல்லாம். அது வந்து எத்தனையோ கோடி வருஷம் ஆச்சாம். வந்தது வந்துடுச்சு, இனிமே திருப்பி அனுப்பவா முடியும்? அதுக்குப் போய் என் கடையில சுவரு!

எங்கண்ணனுக்குத் தெருவுல பேரு 'சித்தம்'. எதைச் சொன்னாலும் 'எல்லாம் அவன் சித்தம்'பான். மழை பெஞ்சா அவன் சித்தம், வண்டி பஞ்சரானா அவன் சித்தம். எங்க வீட்டுக்காரருக்குப் பேரு 'ஆதாரம்'. எதைச் சொன்னாலும் 'ஆதாரம் எங்க?'ன்னு நிப்பாரு. கல்யாணமான புதுசுல வெக்கத்தை விட்டு, 'உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க'ன்னு சொன்னேன். ஆதாரம் கேட்டாரு கொத்தனாரே! …கொடுத்தேனே. ரெண்டு பொண்ணு. ரெண்டும் கல்யாணமாகிப் போயாச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன், அவங்க ரெண்டு பேரு மாதிரி மாமன் மச்சான் எங்கயும் பாக்க முடியாது. இருபத்தாறு வருஷம் கொத்தனாரே. தினமும் அடுப்பு பத்த வெக்கிறதுக்கு முன்னாடி எங்கண்ணன் கண்ணை மூடி நிப்பான். ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ, அவன் கணக்கு அவனுக்கு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துலயே தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாரு. கடவுள் இல்லைங்கிறவரு! ஆனா ஒரு நாள் கூட அவசரப்பட்டுக் குச்சியை உரசினது கிடையாது. எங்கண்ணன் கண்ணைத் திறந்ததும், 'முடிஞ்சுதா மச்சான்?'ம்பாரு. 'முடிஞ்சுது, பத்த வை மாப்ளே'ம்பான். அப்புறம்தான் நெருப்பு. இந்தப் பதினேழு நாளா யாரு பத்த வெக்கிறா? நான். சாமியும் இல்ல, ஆதாரமும் இல்ல, மண்ணெண்ணெயை ஊத்துறேன், பத்த வெக்கிறேன். இதோ, இப்ப அணைஞ்சு கிடக்கு பாருங்க. உங்க பன்னு மிச்சச் சூட்டுல வெந்ததுதான். சாயங்கால ரொட்டிக்கு மறுபடி நான்தான் பத்த வெக்கணும்.

எங்க போறீங்க? …ஓ, அந்த ஜாடியா? தொடாதீங்க! தொடாதீங்க கொத்தனாரே, அதுதான் பெரியவரு!

பயப்படாதீங்க, அஸ்தி இல்ல. புளிச்ச மாவு. ரொட்டி உப்புறதுக்குப் போடுற பழைய மாவு. இதுல ஒரு கை எடுத்துப் புது மாவுல போட்டுப் பிசைவோம். எடுத்த அளவுக்குப் புதுசா மாவும் வெதுவெதுப்பான தண்ணியும் ஊத்தி வெச்சுடுவோம். மறுநாள் அது நுரைச்சுப் பொங்கி நிக்கும். மறுபடி ஒரு கை எடுப்போம். இப்படியே நாப்பது வருஷமா ஓடுது, எங்கப்பா கடை திறந்த நாளுலேருந்து. அதனால அதுக்கு இந்த வீட்டுல பேரு பெரியவரு. 'பெரியவரு சாப்பிட்டாரா?'ன்னா, மாவும் தண்ணியும் ஊத்தியாச்சான்னு அர்த்தம். 'பெரியவரு இன்னைக்கு மந்தமா இருக்காரு'ன்னா குளிரு ஜாஸ்தின்னு அர்த்தம். எங்க மூத்த பொண்ணைப் பாக்க வந்த சம்பந்தி, வீட்டுல பெரியவரு ஒருத்தரு இருக்காருன்னு நினைச்சு 'அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே'ன்னாரு. எங்கண்ணன் சீரியஸா ஜாடியைக் கொண்டாந்து நடுக்கூடத்துல வெச்சான்!

அந்தப் பெரியவரு… ஒரு நாள் செத்துப் போயிட்டாரு.

எப்படியா? எப்படியோ. செத்தாச்சு. எல்லாரும் ஒரு நாள் சாகறதுதான, அதைப் போய் என்ன நோண்டி நோண்டிக் கேக்கறீங்க? …நீங்க கேக்கலை, சரி. உங்க பார்வை கேட்டுச்சு. விடுங்க.

காலைல மூடியைத் திறந்தா நுரை இல்ல, குமிழி இல்ல, கூழு மாதிரி கிடக்கு. ஐயோ, அந்த ரெண்டு ஆம்பளைங்களையும் நீங்க பாத்திருக்கணும்! எங்கண்ணன் ஜாடி மேல கைய வெச்சுக்கிட்டு முணுமுணுன்னு வேண்டிக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு பூதக்கண்ணாடியை எடுத்து உத்து உத்துப் பாத்தாரு, ஒரு நோட்டுல எழுதினாரு. 'முதல் நாள்: அசைவில்லை.' 'ரெண்டாம் நாள்: அசைவில்லை, வாடை.' கடையை மூட முடியுமா? பாக்கெட் ஈஸ்ட் வாங்கிப் போட்டு ஓட்டினோம். தினமும் வர்ற ரிட்டயர்டு வாத்தியாரு ஒரு கடி கடிச்சுட்டு, 'என்னம்மா, பஞ்சை வித்தா மெத்தைக்காவது ஆகும்'னுட்டுப் போனாரு. அப்பவும் இவங்க ரெண்டு பேரும் ஜாடியைத் தூக்கிக் கொட்டலை. ஒருத்தன் நம்பிக்கையில வெச்சிருந்தான், ஒருத்தரு ஆராய்ச்சிக்கு வெச்சிருந்தாரு.

பத்தாம் நாள் காலைல திறந்தாங்க. மூடியைத் தூக்கிக்கிட்டுப் பொங்கி வழியுது! பொணமா கிடந்த ஜாடி! எங்கண்ணன் 'மாப்ளே!'ன்னு கத்தினான். இவரு 'மச்சான்!'னு கத்தினாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு அழுதாரு கொத்தனாரே, எங்கப்பா போனப்ப அழுத அதே அழுகை. அந்த அரை நிமிஷம் இருக்கே… அந்த அரை நிமிஷத்துக்காக நான் எதை வேணாலும்… சரி.

அரை நிமிஷம்தான். எங்கண்ணன் சொன்னான், 'பாத்தியா, ஆண்டவன் ஊதிட்டான்! ஒண்ணுமில்லாததுலேருந்து உயிரைக் கொண்டாந்துட்டான்!' இவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு, 'ஒண்ணுமில்லாதது எப்படி மச்சான்? அடியில ஒரு துளி உயிரோட இருந்திருக்கும், பெருகிடுச்சு.' அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா, ஜாடியிலேருந்து நேரா அண்டத்துக்குப் போயிட்டாங்க.

'ரொட்டி இருக்குன்னா அதைச் சுட்டவன் ஒருத்தன் இருக்கணும். உலகம் இருக்குன்னா அதைச் செஞ்சவன் ஒருத்தன் இருக்கணும்'னான் இவன். 'அப்ப செஞ்சவனைச் செஞ்சது யாரு?'ன்னாரு அவரு. 'அவனை யாரும் செய்யலை, அவன் எப்பவும் இருக்கான்.' 'எப்பவும் இருக்கறது ஒண்ணு இருக்கலாம்னா, அது உலகமாவே இருந்துட்டுப் போகட்டுமே, நடுவுல ஆளு எதுக்கு?' 'நீ சொல்ற மாதிரி எல்லாம் ஒரு புள்ளியா இருந்துதுன்னா, புள்ளியை வெச்சது யாரு?' 'புள்ளிக்கு முன்னாடி, முன்னாடின்னே ஒண்ணு கிடையாது மச்சான்!'

அது எனக்குப் புரியவே இல்ல கொத்தனாரே. முன்னாடிக்கு முன்னாடி கிடையாதாம். உங்களுக்குப் புரியுதா? …தலையை எந்தப் பக்கம் ஆட்டுறீங்கன்னே தெரியலை. எனக்கும் அப்படித்தான்.

இவரு சும்மா விடுவாரா? தட்டுல மாவைப் பரப்பி, மேல உலர்ந்த திராட்சையை வெச்சாரு. 'இதுதான் அண்டம், இதெல்லாம் நட்சத்திரக் கூட்டம். மாவு உப்ப உப்ப ஒண்ணுக்கொண்ணு விலகிப் போகும் பாரு. யாராவது தள்ளுறாங்களா?'ன்னாரு. எங்கண்ணன் பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு திராட்சையை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, 'உன் நட்சத்திரத்தை நான் தின்னுட்டேன், இப்ப என்ன பண்ணுவே?'ன்னான். அவரு அவசரமா இன்னொண்ணு வெச்சாரு. 'பாத்தியா, நீதான் வெக்கிறே! தானா வரலையே!'ன்னான். ரொட்டி வாங்க வந்தவங்க எல்லாம் கைதட்டினாங்க. வாத்தியாரு எங்கண்ணன் கட்சி. பஸ் டிரைவரு இவரு கட்சி. போஸ்ட்மேன் மட்டும் நடுநிலைமை, அவருக்கு ரெண்டு பக்கமும் பன்னு ஓசி!

முதல்ல எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நானும் நின்னு வேடிக்கை பாத்தேன். பொழுது போச்சு, வியாபாரமும் ஆச்சு. வாதம் ஆரம்பிச்ச அஞ்சாம் நாளு என்ன ஆச்சுன்னா, காலத்துக்கு ஆரம்பம் உண்டா இல்லையான்னு ரெண்டு பேரும் கத்திக்கிட்டு நின்னதுல, அடுப்புக்குள்ள நூத்தி இருபது ரொட்டி கரிக்கட்டை ஆயிடுச்சு. அத்தனையும்! புகை தெருக் கோடி வரைக்கும் போச்சு. யாரு தப்புன்னு ஆரம்பிச்சுது. 'கண்ணை மூடிக்கிட்டு நிக்கத்தான் தெரியும்'னு இவரு சொல்லிட்டாரு. எங்கண்ணன் என்ன சொன்னான் தெரியுமா… 'நீ இந்தக் கடைக்கு வெறுங்கையோட வந்தவன்தான'ன்னான்.

உண்மைதான். அவருக்கு அப்பா அம்மா கிடையாது, மாவு பிசையற வேலைக்கு வந்தவரு. எங்கப்பா அவரு கையைப் பாத்துட்டுத்தான் என்னைக் கொடுத்தாரு. அவரு கத்தலை கொத்தனாரே. மெதுவாச் சொன்னாரு. 'வெறுங்கையோடதான் வந்தேன். அந்த வெறுங்கையாலதான் இருபத்தாறு வருஷமா உங்க மாவைப் பிசையறேன்'னாரு. ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினாரு. அன்னைலேருந்து 'மாப்ளே' போச்சு, 'மச்சான்' போச்சு. இவனுக்கு அவரு 'அந்த ஆளு'. அவருக்கு இவன் 'உங்கண்ணன்'.

மூணடி தூரத்துல நின்னுக்கிட்டு, 'உங்கண்ணன்கிட்ட உப்பு போட்டாச்சான்னு கேளு'ம்பாரு. 'அந்த ஆளுக்குக் கண்ணு இல்லையான்னு கேளு'ம்பான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி! ஒரு நாள் நான் பாத்ரூம் போயிட்டேன். அஞ்சே நிமிஷம். வந்து பாத்தா, கேக்க ஆளில்லாம ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தரம் உப்பு போட்டுட்டாங்க. சமுத்திரத்தையே சுட்டு வித்தோம் அன்னைக்கு! மறுநாள் அவன் போட்டிருப்பான்னு இவரும், இவரு போட்டிருப்பாருன்னு அவனும் விட்டாங்க. உப்பே இல்ல. வாத்தியாரு வந்து, 'நேத்து வாங்கினதையும் இன்னைக்கு வாங்கினதையும் சேர்த்துச் சாப்பிட்டா சரியா இருக்கும்மா'ன்னாரு. கேட்டீங்களா? ரொட்டிக்குத் தெரிஞ்சது இந்த ஜென்மங்களுக்குத் தெரியலை!

சரி, இப்ப எல்லாத்தையும் பாதியாப் பிரிக்கப் போறாங்களாம். மேசை ஆறு, மூணு மூணு. தட்டு எண்பது, நாப்பது நாப்பது. பெரியவரையும் பாதியா எடுத்துக்குவாங்களாம். பெரியவரைப் பிரிக்கலாம் கொத்தனாரே, தப்பே இல்ல. பாதியா எடுத்தாலும் ரெண்டும் மறுநாள் முழுசா வளர்ந்துடும். மனுஷன் அப்படியா? நான் எந்தப் பக்கம் போறது? அண்ணன் இந்தப் பக்கம், புருஷன் அந்தப் பக்கம். என்னையும் டேப்பு வெச்சு அளந்து நடுவுல கோடு போடுங்க, தலையும் வலது கையும் அண்ணனுக்கு…

சிரிக்காதீங்க! எனக்கும் சிரிப்பு வருது. நான் அழற விஷயம் இது.

இருங்க, இந்த ரொட்டித் தட்டைத் தொடைச்சு வெச்சுடறேன். நீங்க சாப்பிடுங்க, நான் இப்படி அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டே சொல்றேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது. யாருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க பேசாத ஆளு, உங்க வாயிலேருந்து வெளிய போகாது. அவங்களும் இல்ல. அவரு வண்டியில ஓட்டலுக்கு ரொட்டி போடப் போயிருக்காரு, அவன் மாவு மூட்டை எடுக்கப் போயிருக்கான்.

பெரியவரு தானா சாகலை.

நான்தான் கொன்னேன்.

நுணலும் தன் வாயால் கெடும்பாங்களே, அந்த நுணல் நான்தான். அன்னைக்கு முட்டைக்காரம்மா வந்திருந்தா. அவ மருமக புது சோபா வாங்கிட்டு, அதுல மாமியாரை உக்காரக் கூடாதுன்னுட்டாளாம். அதை விட முடியுமா? நல்ல சுவாரசியம்! பெரியவருக்குச் சாப்பாடு ஊத்தற நேரம். விரலை விட்டுப் பாத்து, வெதுவெதுன்னு இருந்தாத்தான் ஊத்தணும். எங்கப்பா எத்தனை தடவை சொல்லியிருக்காரு! ஆனா நான் பேசும்போது எனக்குக் கை சும்மா இருக்காதே. ஒரு கையால சோபா இவ்வளவு நீளமான்னு காட்டிக்கிட்டே, இன்னொரு கையால கொதிக்கிற கெட்டிலை எடுத்து அப்படியே… விரலு விடறதுக்குக் கை எங்க இருக்கு? ஆவி வந்தப்பதான் பாத்தேன். நாப்பது வருஷம் கொத்தனாரே! ஒரு சோபாவுக்காகப் போச்சு!

சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்றது? 'அப்பா கையால வெச்சது, நான் வெந்நி ஊத்திட்டேன்'னு எந்த வாயால சொல்ல? அதான் ஒரு காரியம் பண்ணினேன். ஸ்டோர் ரூம்ல மூட்டைக்குப் பின்னாடி ஒரு ஜாம் பாட்டில்ல, கொஞ்சம் மாவு, கொஞ்சம் தண்ணி. கலக்கி வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல. தினமும் பாதியைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்துவேன். ரெண்டு நாள் சும்மா கிடந்துச்சு. மூணாம் நாள் ஒரு குமிழி! ஆடிப் போயிட்டேன். நாலாம் நாள் மறுபடி பொணம். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு… அங்க இவங்க செத்த ஜாடிகிட்ட நிக்கறாங்க, இங்க நான் மூட்டைக்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு பாட்டிலே கதின்னு கிடக்கறேன். எனக்கு வேண்டிக்கவும் தெரியாது, ஆராயவும் தெரியாது. பேசத்தான் தெரியும். பேசினேன். திட்டினேன். 'ஏய், எந்திரி, எத்தனை நாளு தூங்குவே, மானத்தை வாங்காத'ன்னேன். முட்டைக்காரம்மா மருமக கதை முழுசையும் அதுகிட்டச் சொன்னேன். ஒன்பதாம் நாள் போய்ப் பாக்கறேன்… பாட்டிலு மூடி தரையில கிடக்கு. அது வெளிய எட்டிப் பாத்துக்கிட்டிருக்கு.

சத்தியமாச் சொல்றேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. ரெண்டு பொண்ணு பெத்தப்பக்கூட அப்படி இல்ல.

மறுநாள் யாரும் வர்றதுக்கு முன்னாடி செத்ததைக் கொட்டி, ஜாடியைக் கழுவி, இதை ஊத்தி மூடினேன். அவ்வளவுதான் அற்புதம், அவ்வளவுதான் இயற்கை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். உலகத்தைப் படைச்சது யாருன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறாங்க, படைச்சவ பக்கத்துல நின்னு தட்டைத் தொடைச்சுக்கிட்டிருக்கேன்!

ஆனா கேளுங்க, இதுதான் விஷயமே. நான்தான் கலக்கினேன், நான்தான் ஊத்தினேன். ஆனா அது எப்படி உசுரு வந்துச்சுன்னு கேட்டா… எனக்கே தெரியாது கொத்தனாரே! நான் உசுரு போடலை. மாவு போட்டேன். ஒருவேளை மாவுலயே இருந்துச்சோ, காத்துல வந்துச்சோ, யாராவது நிஜமாவே ஊதினாங்களோ. இன்னொண்ணும் இருக்கு. அதைக் கலக்கினது பெரியவரைக் கலக்குற அதே பழைய மரக்கரண்டியால. அதோட விரிசல்ல எப்பவும் காஞ்ச மாவு ஒட்டிக்கிட்டிருக்கும். அப்ப இது எங்கப்பா மாவா, என் மாவா? கூடவே இருந்தவ நான். என்னைக் கேட்டா எனக்கே தெரியலைங்கிறேன். பக்கத்துலயே இல்லாத இவங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியுது?

இன்னைக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். சுவரு எழும்பறதுக்கு முன்னாடி. சொன்னா எங்கண்ணன் என் மூஞ்சியில முழிக்க மாட்டான். இவரு நோட்டுல எழுதிடுவாரு, 'கொலைகாரி: வீட்டுக்காரி'ன்னு. பரவாயில்லை. என்னைத் திட்டுறதுக்காகவாவது ரெண்டு பேரும் ஒண்ணாச் சேருவாங்கல்ல? நீங்க என்ன சொல்றீங்க? …சொல்லுங்க கொத்தனாரே. ஒரே ஒரு வார்த்தை. இப்பவாவது வாயைத் திற…

கொத்தனாரே?

அட! எங்க போனாரு மனுஷன்? டேப்பு கிடக்கு, நூலு கிடக்கு, பன்னை மட்டும் எடுத்துக்கிட்டு நழுவிட்டா…

அய்யய்யோ.

நீங்க எப்ப வந்தீங்க? அண்ணே, நீ பின்வாசல்ல எவ்வளவு நேரமா நிக்கிறே? மூட்டையை இறக்கு, தோள் வலிக்கும். ஏங்க, நீங்க முன்வாசல்ல… எதுலேருந்து கேட்டீங்க? சோபாவுலேருந்தா? …ரெண்டு பேருமா? சரி. திட்டுங்க. நான்தான் கொன்னேன். வாய் பேசினதுல கொன்னேன். அப்பா வெச்சதை நான்… எதாவது சொல்லுங்களேன்.

என்ன? 'அதான் நான் அப்பவே சொன்னேன்'னா? என்னண்ணே சொன்னே? …செஞ்சவ ஒருத்தி இருந்தா, மறைஞ்சு இருந்தா, நாம பாக்கலைங்கிறதால இல்லைன்னு ஆயிடுமான்னா? ஏங்க, நீங்க எதுக்கு இப்ப நோட்டை எடுக்கறீங்க? …செஞ்சவளுக்கே எப்படி வந்துச்சுன்னு தெரியலையே, இதுவா எல்லாம் தெரிஞ்ச படைப்பாளியான்னா? மரக்கரண்டியா? அதோ அந்த ஆணியில… இருங்க, பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கற அளவுக்கு அதுல… அண்ணே, நீ ஏன் கரண்டியைப் புடுங்கறே! உடைஞ்சுடும்!

அடப்பாவிங்களா! நான் கொன்னேன் கொன்னேன்னு கத்தறேன், அதைக் கேக்க இங்க ஒரு நாதி இல்லையா! ஏங்க! வெந்நி ஊத்தினேங்க! அண்ணே! நாப்பது வருஷம்ணே! …கரண்டியில அப்பா இருக்காருங்கிறியா? சரி, இருக்காரு. …அது நுண்ணுயிருங்கிறீங்களா? சரி, அதுவும்தான்.

இரு. இரு இரு இரு. அண்ணே, இப்ப நீ என்ன சொன்னே? 'போடா மாப்ளே, உனக்குக் கரண்டியே ஆதாரம் கொடுத்தாலும் நம்ப மாட்டே'ன்னியே… யாரைப் பாத்துச் சொன்னே? என்னைப் பாத்துச் சொல்லலையே? நடுவுல நான் இல்லாமயே சொன்னியே?

கீழ பாருங்க ரெண்டு பேரும். கோட்டைப் பாருங்க. நீலக் கோடு. அண்ணன் நிக்கறது அவரு பக்கம், அவரு நிக்கறது அண்ணன் பக்கம். கரண்டிக்காகப் போட்ட குஸ்தியில பாதிக் கோட்டைக் காலாலயே அழிச்சாச்சு. இனிமே சுவரு வெக்கறதுன்னா வளைச்சு வளைச்சுத்தான் வெக்கணும்!

…யாரு? ஓ, நீங்களா. டேப்பை விட்டுட்டீங்கல்ல? வாங்க கொத்தனாரே, உள்ள வாங்க. பயப்படாதீங்க. சுவரு வேணாம். சுவருக்குக் கொண்டாந்த செங்கல்லுல அதோ உயரத்துல ஒரு மாடம் கட்டிக் கொடுங்க, ஜாடி வெக்க. என் கையும் கெட்டிலும் எட்டாத உயரத்துல. அண்ணே, அவரைப் புடிச்சுக்கிட்டு 'ஒரு சுவரு தானா எழும்புமா'ன்னு கேக்காதே! ஏங்க, நீங்களும் 'களிமண்ணைச் செஞ்சது எந்தக் கொத்தனாரு'ன்னு கேக்காதீங்க! விடுங்க அவரை, பாவம். மணி என்ன ஆகுது பாத்தீங்களா, சாயங்கால ரொட்டிக்கு இன்னும் அடுப்பே…

ஏங்க, தீப்பெட்டி எங்கன்னா கேட்டீங்க?

இந்தாங்க.

அண்ணன் கண்ணை மூடிட்டான். அவரு பக்கத்துல போய் நின்னுட்டாரு. இல்ல, இன்னும் குச்சியை எடுக்கலை. நிக்கறாரு. …என்ன, நீங்க எதாவது சொல்லணுமா கொத்தனாரே? இவ்வளவு நேரம் விட்டுட்டு இப்பவா?

ஷ்ஷ்… பேசாதீங்க. இப்பக் கேப்பாரு. 'முடிஞ்சுதா மச்சான்'னு கேப்பாரு. நானும் பேசலை.